பத்து நாள் தசரா, இரண்டு மாத உழைப்பு

மைசூர் ஒரு பழைய நகரம். அது கர்நாடக மாநிலத்தின் தென்பகுதியில் உள்ளது. மன்னர்கள் ஆண்ட ஊர். 2014 முதல் அதன் அரசுப் பெயர் மைசூரு.

மழைக்காலம் ஓய்ந்து, வெயில் தணிந்து வரும் காலம் அங்கே விழாக்காலம். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தசரா வரும். நம் ஊரில் நவராத்திரி, ஆயுத பூஜை கொண்டாடும் அதே நாட்கள்தான். நாம் கொலு வைப்பது போல அங்கும் வீடுகளில் பொம்மை அடுக்குவார்கள். பத்தாம் நாள் விஜயதசமி.

மன்னர் விழா, மக்கள் விழா

1610-ஆம் ஆண்டு. ராஜ உடையார் என்னும் மன்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசரா விழாவைத் தொடங்கினார். பிறகு விழா மைசூருக்கு வந்தது. விஜயதசமி அன்று மன்னர் யானை மேல் தங்க அம்பாரியில் அமர்ந்து ஊர்வலம் போவார். மக்கள் ஓரமாக நின்று வணங்குவார்கள்.

1971-இல் மன்னர் மானியம் ஒழிந்தது. இப்போது அம்பாரியில் மன்னர் இல்லை. சாமுண்டேசுவரி அம்மன் சிலை இருக்கிறது. அரசே விழாவை நடத்துகிறது. சாமுண்டி மலையில் விழாவைத் தொடங்கி வைக்க ஒருவரை அழைக்கிறார்கள். 2017-இல் கவிஞர் நிசார் அகமது தொடங்கி வைத்தார். 2025-இல் எழுத்தாளர் பானு முஷ்டாக் தொடங்கி வைத்தார்.

என்னென்ன பார்க்கலாம்?

மாலையில் அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும். அரண்மனை முன் இசை, நடனம் நடக்கும். மல்யுத்தம் உண்டு. மலர்க் கண்காட்சி உண்டு. பொருட்காட்சி தசரா முடிந்த பின்னும் நடக்கும்.

பத்தாம் நாள்தான் பெரிய நாள். அன்று யானை ஊர்வலம். அரண்மனையில் புறப்பட்டு பன்னிமண்டபம் வரை சுமார் 5 கிலோ மீட்டர் போகும். கன்னடத்தில் பன்னி என்றால் நம் வன்னி மரம். இரவில் அங்கே தீப்பந்த அணிவகுப்பு நடக்கும்.

ஊர்வலத்தைச் சாலை ஓரத்தில் நின்று பார்க்கப் பணம் வேண்டாம். ஆனால் கூட்டம் மிக அதிகம். குழந்தையின் சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டை வையுங்கள். யானை அருகே போகாதீர்கள். பட்டாசு வெடிக்காதீர்கள்.

750 கிலோ பாரம்

அம்பாரியின் எடை சுமார் 750 கிலோ. பத்து நெல் மூட்டை எடை! இதைச் சுமக்க எல்லா யானையாலும் முடியாது. அதனால் சுமார் இரண்டு மாதம் முன்பே காட்டு முகாம்களில் இருந்து யானைகளை அழைத்து வருகிறார்கள்.

தினமும் காலையும் மாலையும் நடைப் பயிற்சி உண்டு. முதலில் மணல் மூட்டை ஏற்றுவார்கள். எடையை மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். பிறகு மர அம்பாரி ஏற்றுவார்கள். விழா அன்று பீரங்கி வெடிக்கும். யானை மிரளக் கூடாது. அதனால் அந்தச் சத்தத்துக்கும் முன்பே பழக்குவார்கள். உளுந்து, பச்சைப் பயறு, அரிசி, கோதுமை வேக வைத்துக் கொடுப்பார்கள். வெல்லம், தேங்காய், கரும்பும் உண்டு.

அர்ஜுனா என்ற யானை 2012 முதல் 2019 வரை அம்பாரி சுமந்தது. அறுபது வயதைத் தாண்டிய யானை மேல் பெரிய பாரம் ஏற்றக் கூடாது என்பது விதி. அதனால் 2020-இல் அந்த வேலை அபிமன்யு என்ற யானைக்கு வந்தது. 2023 டிசம்பரில் காட்டு யானை ஒன்றைப் பிடிக்கும் பணிக்கு அர்ஜுனாவைக் கொண்டு போனார்கள். அங்கே காட்டு யானை தாக்கி அது இறந்தது. ஊரே அழுதது.

பாகனும் குடும்பமும்

யானையுடன் பாகன் வருவார். உதவிப் பாகனும் வருவார். இவர்களில் பலர் ஜேனு குருபர் போன்ற பழங்குடி மக்கள். யானையைக் குளிப்பாட்டுவது, உணவு கொடுப்பது, காவல் இருப்பது எல்லாம் அவர்கள் வேலை. யானை யார் குரலுக்கு நிற்கும்? அவர் குரலுக்குத்தான்.

பாகனுடன் மனைவி, பிள்ளைகளும் வருகிறார்கள். அரண்மனை வளாகத்தில் தற்காலிகக் கொட்டகையில் தங்குகிறார்கள். பிள்ளைகளின் பள்ளி காட்டோரத்து ஊரில் இருக்கிறது. இரண்டு மாதம் படிப்பு போனால் என்ன ஆகும்? எழுத்து மறக்கும். பாடம் பின்தங்கும். சில பிள்ளைகள் பள்ளிக்கே திரும்ப மாட்டார்கள்.

இதற்கு ஒரு வழி கண்டார்கள். அரண்மனை வளாகத்திலேயே ஒரு கூடாரப் பள்ளி. கல்வித் துறை ஆசிரியர்களை அனுப்புகிறது. அப்பா யானையை நடத்திப் போகும் நேரத்தில் பிள்ளை பாடம் படிக்கிறது. விழா முடிந்ததும் தன் ஊர்ப் பள்ளியில் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

செங்கல் சூளை, கரும்பு வெட்டு, கட்டட வேலை என்று ஊர் விட்டு ஊர் போகும் குடும்பங்கள் நம் நாட்டில் ஏராளம். அந்தப் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு பள்ளி வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கே பள்ளி வர முடியும் என்பதை மைசூர் காட்டுகிறது.

தசராவுக்குப் போனால் அம்பாரியைப் பாருங்கள். அதைச் சுமக்கும் யானையைப் பாருங்கள். யானையின் கழுத்தில் அமர்ந்திருக்கும் பாகனையும் பாருங்கள்.

கூடிப் பேசுவோம்

1. மன்னர் விழா மக்கள் விழாவாக எப்படி மாறியது?
2. யானைக்கு இரண்டு மாதப் பயிற்சி ஏன் தேவை?
3. உங்கள் ஊரில் இருந்து வேலைக்காக வெளியூர் போகும் குடும்பங்கள் உண்டா? அவர்களின் பிள்ளைகள் படிக்க என்ன செய்யலாம்?