சாணைக்கல்லும் அதிவேக மோட்டாரும்

கத்தி தீட்டும் சாணைக்கற்கள் பலவற்றில் சேர்க்கப்படும் ஸிலிக்கான் கார்பைடை, 1891-ல் அமெரிக்கரான எட்வர்டு அச்சிஸன் மின்சாரத்தால் களிமண்ணையும் கரியையும் காய்ச்சிக் கண்டார். இன்று அதன் படிகத்தால் செய்த ஸ்விட்சுகள், மோட்டார்களை ஆளும் ஸ்தானத்தில் நெடுநாளாய் வீற்றிருக்கும் ஸிலிக்கானை எதிர்த்து நிற்கின்றன. பழையது ஒழிந்ததென்று சிலர் முரசறைகின்றனர். அம்முரசை அப்படியே நம்ப நாம் தயாராயில்லை.

இரு துருவ மோட்டார் நிமிஷத்துக்கு 60,000 முறை சுழல, விநாடிக்கு 1,000 அலைகளுள்ள மின்சாரம் வேண்டும். அவ்வலையைச் செவ்வையாக உருவாக்க, ஸ்விட்சு விநாடிக்குச் சுமார் 20,000 தடவை திறந்து மூட வேண்டும். ஐ.ஜி.பி.டி. என்னும் ஸிலிக்கான் ஸ்விட்சிலோ, ஒவ்வொரு நிறுத்தத்திலும் மிச்ச மின்சாரம் மெல்ல வடிந்து உஷ்ணமாகிறது. அதற்கஞ்சித் தடவைகளைக் குறைத்தால் அலை கரடுமுரடாகி ரோட்டரைச் சுடவைக்கும். அத்தனை வேகத்தில் சுழலும் சிறு ரோட்டரிலிருந்து சூட்டை வெளியேற்றுவது சாமானியமான காரியமன்று. கார்பைடோ ஸிலிக்கானைவிடச் சுமார் 10 மடங்கு மின்புல வலிமையைத் தாங்குவது. ஆகவே அதன் அடுக்கு மெல்லியதாயிருக்கலாம். வடியும் மிச்சமும் இல்லை. இவ்விடத்தில் அதன் வெற்றியை ஒப்புக்கொள்வதே நியாயம்.

ஆனால் அவ்வேகமே அதன் குற்றமுமாகும். ஒரு விநாடியைப் பத்துக் கோடி கூறாக்கினால், அவற்றுள் சில கூறுகளுக்குள் வோல்டேஜ் எழும்பிவிடுகிறது. நீண்ட கேபிள் வழியே சென்றால் அது மோட்டாரின் வாயிலில் மோதி மீண்டு, இருமடங்கு வரை உயரக்கூடும். கம்பிச்சுருளின் இன்சுலேஷன் கெடும்; பேரிங்குகளில் மின்சாரம் பாய்ந்து குழி விழும். தடுப்பதற்கு பில்டர் வைத்தால், இலாபத்தில் ஒரு பங்கை அதுவே விழுங்கும்.

ஜப்பானில் 2020 ஜூலையில் ஓடத் தொடங்கிய என்700எஸ் ஷிங்கான்ஸென் ரெயிலில், கார்பைடால் சாதனங்கள் சுருங்கின. கம்பி மின்சாரம் நின்றாலும் வண்டியை நகர்த்தக்கூடிய லித்தியம் பாட்டரிக்கு அடியில் இடம் கிடைத்தது. இடமும் எடையும் பொன்னாயிருக்குமிடத்தில் இது தகும். 2017-ல் இதைத் தன் மாடல் 3 காரில் புகுத்திய டெஸ்லா கம்பெனியோ, விலை கருதி, அடுத்த தொகுதியில் கார்பைடை 75 சதவீதம் குறைக்கப்போவதாக 2023 மார்ச்சில் அறிவித்தது! நிமிஷத்துக்கு 1,500 சுற்றுச் சுழலும் தண்ணீர்ப் பம்புக்கு இது எதற்கு?

விற்பவர் ஸ்விட்சின் நஷ்டக் கணக்கை மட்டுமே நீட்டுவார். கேபிள், பில்டர் யாவும் சேர்த்து, மோட்டாரின் தண்டில் அளந்த கணக்கை வாங்குபவர் கேட்க வேண்டும். அதைக் காட்டாதவருக்கு முன்பணம் கொடுக்கலாகாது.