பூவிருந்தவல்லி வழியே செல்லும் விருந்தினர்

மார்கழி பிறந்தது முதல் மாசி முடியும் வரை, காலை ஏழு மணியளவில் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் நின்று பார்ப்போர் குளிர்சாதன வசதியுள்ள பெரிய பேருந்துகள் சில காஞ்சிபுரம் நோக்கி விரைவதைக் காணலாம். கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்திருப்போர் அயல்நாட்டார். அவர்களுள் பெரும்பாலோர் இந்திய மண்ணை முதன்முறையாக மிதித்து இரண்டு நாட்கூட ஆகாதவர்கள். முன்னிருக்கையருகே ஒலிபெருக்கியைப் பிடித்தவாறு நிற்பவரே வழிகாட்டி. நம் நாட்டைப் பற்றி அவர்கள் கொண்டு செல்லப்போகும் எண்ணத்தில் பாதிக்குமேல் அம்மனிதரின் வாயிலிருந்து வருவது.

வழிகாட்டியின் பின்னே கூட்டமாய்ச் சென்று ஊர் பார்க்கும் இவ்வழக்கம் எங்ஙனம் பரவியது என்று அறிந்தால் நம் வாசகர்கள் வியப்படைவர். அதற்கு வித்திட்டது மதுவிலக்கு இயக்கம்! இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் 1841-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள், லெஸ்டர் நகரிலிருந்து லாஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்திற்கு ஏறத்தாழ 500 பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் இரயிலில் அழைத்துச் சென்றார். அவரே 1872-இல் ஒரு சிறு குழுவுடன் உலகைச் சுற்றப் புறப்பட்டு, 222 நாட்களில் திரும்பினார். அப்பயணத்தில் இந்தியாவும் இருந்தது. 1881-இல் அவருடைய நிறுவனம் பம்பாயில் அலுவலகம் திறந்தது. இங்கிலாந்தில் அந்நிறுவனம் 2019-இல் நொடித்துப் போயிற்று. அவர் காட்டிய வழியோ நிலைத்துவிட்டது.

இன்றைய குழுப் பயணியின் முதல் அனுபவம் பெரும்பாலும் நள்ளிரவு. ஐரோப்பிய விமானங்கள் பல மீனம்பாக்கத்தில் இறங்கும் நேரம் அது. மறுநாள் காலை வழிகாட்டி தம் முதற்பாடத்தைத் தொடங்குவார். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாகாது. மூடி முத்திரையிட்ட போத்தலையே வாங்க வேண்டும். கோவில் வாயிலில் காலணியைக் கழற்ற வேண்டும். இடக்கையால் எதையும் கொடுக்கலாகாது. கடைக்காரர் தலையை இருபுறமும் மெல்ல அசைத்தால் மறுக்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. ‘ஆகட்டும்’ என்பதே அதன் பொருள். இதைக் கேட்டு அவர்கள் சிரிப்பர். நாம் அப்படித் தலையசைக்கிறோம் என்பதை நாமே கண்ணாடியில் பார்த்தால்தான் நம்புவோம்!

நகரில் ஒரு நாள். அன்று சாந்தோம் பேராலயமும் அட்டவணையில் இருக்கும். போர்த்துக்கீசியர் எழுப்பிய பழைய கோவில் நின்ற இடத்தில் 1896-இல் கட்டி முடிக்கப்பட்ட ஆலயம் அது. வேதம் இந்நாட்டிற்கு ஐரோப்பியரின் கப்பலில் வந்தது என்று எண்ணியிருப்போர், அப்போஸ்தலர் ஒருவரின் கல்லறை இங்கு வணங்கப்படுவதைக் கேட்டு வாயடைத்து நிற்பதுண்டு. மறுநாள் காஞ்சிபுரம். வழியில் திருப்பெரும்புதூரில், 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்திலுள்ள நினைவிடத்தில் சில பேருந்துகள் நிற்கும். பின்னர், பல்லவ மன்னன் இராஜசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோவில். 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோபுரம். அதன்பின் பட்டுக்கடை.

இந்தப் பட்டுக்கடையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். வழிகாட்டிக்கு வேலை கிடைப்பது ஆண்டில் நான்கைந்து மாதங்களே. நாட்கூலி குறைவு. ஆகவே, அவர் அழைத்து வரும் விருந்தினர் வாங்கும் பொருளில் ஒரு பங்கைக் கடைக்காரர் அவருக்குத் தருகிறார். அப்பங்கு சேலையின் விலைமேல் ஏற்றப்படுகிறது. நெய்தவரின் கூலி இதனால் ஒரு காசும் உயர்வதில்லை. எல்லாக் கடைகளும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை ஏமாந்ததாக உணரும் விருந்தினர், அதற்குப்பின் இளநீர் விற்கும் ஏழைக் கிழவியையும் ஐயத்தோடு நோக்குகிறார். நேர்மையானவளுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்! வழிகாட்டியை மட்டும் பழிப்பது நியாயமாகாது. அவருக்கு உரிய கூலியைப் பயண நிறுவனம் கொடுத்துவிட்டால், கடைக்காரரின் பங்கை அவர் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

நம் ஊர்கள் இந்த அட்டவணையில் எங்கும் இல்லை. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானம் இயற்றிய ஆவடி, 1965-இல் விஜயந்தா டாங்கியை உருவாக்கிய ஆவடி, அவர்கள் அறியாத ஊர். நாடெங்கும் ஓடும் மிதிவண்டிகளைச் செய்து அனுப்பிய அம்பத்தூரும் அப்படியே. பூவிருந்தவல்லி அவர்களுக்கு உறக்கம் கலையாத அரைமணி நேரம். இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. தொழிற்பேட்டையைப் பார்க்க எவர் கடல் கடந்து வருவார்?

ஆயினும் அப்பேருந்துகளில் சிலவற்றில் உறங்காமல் சன்னலையே பார்த்து வருவோர் உண்டு. அவர்கள் தென்னாப்பிரிக்காவிலிருந்து வருபவர்கள். நிறத்திலும் முகச்சாயலிலும் நம்மவரே. 1860 அக்டோபர் 12-ஆம் நாள் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 342 பேரோடு நேட்டாலுக்குப் புறப்பட்டது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் உழைக்க 1911 வரை அவ்வாறு சென்றோர் 1,52,184 பேர். சென்னையில் கப்பலேறியவர்களுள் வட ஆர்க்காடு, செங்கற்பட்டு மாவட்டத்தார் பலர். நம் அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் அக்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவையே. சென்றவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர்.

நிறவெறி அரசோடு இந்தியா 1946-இல் வாணிபத்தை முறித்துக்கொண்டது. தூதரக உறவு 1993-இல்தான் மீண்டது. இடையில் இரண்டு தலைமுறையினர் பாட்டன் பிறந்த நாட்டைப் பெயரளவில் மட்டுமே அறிந்திருந்தனர். இன்று குழுப் பயணத்தில் வரும் அவர்களின் கைப்பையில் ஒரு தாள் இருக்கிறது. கப்பல் பதிவேட்டின் நகல் அது: எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம். கேட்டது கேட்டபடி எழுத்தர்கள் எழுதியதால் ஊர்ப்பெயர்கள் உருமாறிக் கிடக்கின்றன. முதலி என்பது ‘மூட்லி’ என்றும் பிள்ளை என்பது ‘பில்லே’ என்றும் ஆயின. தமிழ் பேசத் தெரியாத பேரன் அத்தாளை வழிகாட்டியிடம் நீட்டி, இவ்வூர் எங்கே என்று கேட்கிறான். அட்டவணையில் அதற்கு இடமில்லை. நல்ல மனமுள்ள வழிகாட்டியானால், தேநீர் நிறுத்தத்தோடு இருபது நிமிடம் சேர்த்துத் தருவார்.

அந்த இருபது நிமிடத்தில் அவன் கத்தோலிக்கக் குடும்பத்தானாயின் எங்கு போவான்? பங்குக் கோவிலுக்குத்தான். பழைய பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், ஊர், ஞானப் பெற்றோர் பெயர் யாவும் எழுதப்பட்டிருக்கின்றன. கப்பலின் எழுத்தர் திரித்த பெயரை, அக்குடும்பத்தை நேரில் அறிந்த சுவாமியாரோ உபதேசியாரோ சரியாகச் சொல்லக் கேட்டு எழுதிய ஏடுகள் அவை. ஆனால் அவற்றுள் பல இன்று எந்நிலையில் இருக்கின்றன? செல்லரித்தும், மழை நீர் ஊறி மை பரந்தும், எந்த அலமாரியின் சாவி எவரிடம் என்பது தெரியாமலும் கிடப்பவை எத்தனை! வார நாட்களில் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டும் அந்நியனுக்கு, அவன் தேடும் ஆண்டின் ஏட்டை எடுத்துத் தர எவரும் இருப்பதில்லை.

ஏடுகளை ஆண்டுவாரியாக அடுக்கி, பெயர்களை அகர வரிசையில் எழுதி, ஒவ்வொரு பக்கத்தையும் நிழற்படம் எடுத்து வைக்கப் பெரும் பணம் தேவையில்லை. இலத்தீன் படிக்கத் தெரிந்த குருமாணவர் இருவரைப் பூவிருந்தவல்லிக் குருமடத்திலிருந்து உதவிக்கு அழைக்கலாம். மரியாயின் சேனையோ இளைஞர் சங்கமோ முன்வந்தால், ஒரு சிறு பங்கில் கோடை விடுமுறைக்குள் முடியக்கூடிய வேலை. பேருந்துகள் மார்கழியில் மீண்டும் வரும்.