நெடியவனை நெருங்கும் கலை

ஹந்தானை மலையைக் கண்டி நகரிலிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்கு மலைப்பு உண்டாகிறது. அடிவாரத்தில் ஏறத் தொடங்கியவனுக்கோ அடுத்த அடியை எங்கே வைப்பது என்னும் எண்ணம் ஒன்றே இருக்கிறது. தன்னினும் நெடிய எதிரியைக் குத்துச்சண்டை மேடையில் சந்திப்பவன் நிலையும் இதுவே என்பது என் கருத்து.

இக்கலை நமக்குப் புதியதன்று. கண்டி டிரினிட்டிக் கல்லூரி மாணவர் நெடுங்காலமாகக் கையுறை அணிந்து வருகின்றனர். 1938 இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் இலங்கையரான பார்னி ஹென்ரிக்கஸ் இறகு எடைப் பிரிவில் தங்கப் பதக்கம் பெற்றார். அத்தகைய பிரிவுகளில் எடை வரம்பு இருவரையும் ஓரளவு சமன்செய்துவிடும். யாவற்றிலும் மேலான பார எடைப் பிரிவுக்கோ மேல்வரம்பே இல்லை. ஆறடிக்குக் குறைந்தவன் ஆறரை அடியானை எதிர்கொள்ள நேரலாம்.

நெட்டையனின் வலிமை அவன் நீண்ட இடக்கை. அது எட்டாத தொலைவில் குட்டையனுக்கு ஆபத்தில்லை, வெற்றியுமில்லை. மார்போடு ஒட்டி நின்றாலோ, வீச இடமின்றி அந்த நீண்ட கை திணறும். இரண்டுக்கும் நடுவே, எதிரியின் கை எட்டியும் தன் கை எட்டாமலும் இருக்கும் அந்த ஓரடி இடமே கொல்களம். அச்சம் மனிதனைச் சரியாக அங்கேயே நிறுத்திவைக்கிறது. முன்னேற மனம் வருவதில்லை. பின்வாங்க மானம் விடுவதில்லை.

ஆகவே அவ்விடத்தை விரைந்து கடப்பதே முதற்பாடம். இடக்கை வரும் கணத்தில் தலையை அதன் வெளிப்புறமாக நழுவவிட்டு, அதே அசைவில் காலை முன்வைக்க வேண்டும். முழங்காலை மடித்துத் தாழ வேண்டும். இடுப்பை வளைத்துத் தலைகவிழ்பவனுக்குக் கீழிருந்து எழும் குத்து காத்திருக்கும். உள்ளே புகுந்தபின் முகத்தைத் தேடலாகாது. விலா நொந்தால் காவற்கை தாழும். முகம் தானே கிட்டும். குத்தி முடித்ததும் பக்கவாட்டில் விலக வேண்டும். நேரே பின்வாங்கினால் மீண்டும் கொல்களமே.

ஐந்தடி பத்தரை அங்குலமே உடைய ராக்கி மார்சியானோவை இன்னும் தாழ்ந்து நிற்கப் பழக்கினார் பயிற்சியாளர் சார்லி கோல்ட்மன். குறையே கருவியாயிற்று. 1952 செப்டெம்பர் 23 இல் பிலடெல்பியாவில், ஆறடி உயரமுள்ள ஜெர்சி ஜோ வால்கொட் முதற் சுற்றிலேயே அவரை வீழ்த்தினார். 12 சுற்றுகள் முடிந்தபோது தீர்ப்பாளர் மூவர் கணக்கிலும் மார்சியானோ பின்தங்கியிருந்தார். 13 ஆம் சுற்றில் அவரது வலக்கைக் குத்து ஒன்று உலகப் பட்டத்தைக் கைமாற்றியது.

2024 மே 18 இல் ரியாத்தில், 191 செ.மீ. உயரமுள்ள உக்ரேனியர் ஒலெக்சாண்டர் உசிக், 206 செ.மீ. உயரமுள்ள டைசன் பியூரியைச் சந்தித்தார். நடுச் சுற்றுகளில் பியூரியின் கை ஓங்கியது. உசிக் நெருங்குவதை நிறுத்தவில்லை. 9 ஆம் சுற்றில் பியூரி கயிற்றில் மோதித் தள்ளாட, நடுவர் எண்ணத் தொடங்கினார். பிளவுபட்ட தீர்ப்பில் உசிக் வென்றார்.

ஆவேசத்தையே துணிவென்று நம் இளைஞர் பலர் எண்ணுகின்றனர். ஆவேசத்தோடு பாய்பவன் நேராகவே பாய்வான். நேராக வருபவனைத்தான் நீண்ட கை எதிர்பார்க்கிறது. அடி விழக்கூடும் என்றறிந்தும் கண்ணை மூடாமல், கற்ற அடியைக் கற்றபடி எடுத்து வைப்பதே துணிவு.