உருளைக்குள் உறங்கும் ஆறாயிரம் லிட்டர்

சமையல் எரிவாயுவை நாம் நிறையால் வாங்குகிறோம். இல்லந்தோறும் வரும் உருளையில் அடங்கியிருப்பது 14.2 கிலோகிராம். அழுத்தத்தால் நீர்மமாகி உள்ளே அது பிடித்திருக்கும் இடம் ஏறத்தாழ 26 லிட்டரே. ஆனால் வெளிப்பட்டவுடன் அது வாயு; வாயுவின் வலிமையை அறியக் கன அளவே வேண்டும். நிறையிலிருந்து கன அளவைக் காணும் கணக்கை வேதியியல் மாணவர் தேர்வுக்காகப் போடுவர், பிறகு மறந்துவிடுவர். அடுக்களைக்கு இதைவிட வேண்டிய கணக்கு வேறில்லை என்பது என் துணிபு.

ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமமே என்று 1811இல் அவகாட்ரோ மொழிந்தார். எனவே வாயு எதுவாயினும் ஒரு மோல் அடைக்கும் இடம் ஏறத்தாழ ஒன்றே. நிறையை மூலக்கூறு நிறையால் வகுத்தால் மோல் எண்ணிக்கை. அதனை ஒரு மோலின் கன அளவால் பெருக்கினால் விடை. எரிவாயு என்பது பியூட்டேன், புரொப்பேன் ஆகியவற்றின் கலவை. எளிமை கருதி முழுவதும் பியூட்டேன் எனக் கொள்வோம். (புரொப்பேன் இலேசானது, அது கலந்திருப்பதால் உண்மை விடை இதனினும் கூடுமேயன்றிக் குறையாது.) பியூட்டேனின் மூலக்கூறு நிறை 58. 14,200 கிராமை 58ஆல் வகுக்க 245 மோல் கிடைக்கும்.

பாடநூல் வழியே 22.4ஆல் பெருக்கினால் 5,488 லிட்டர். ஆனால் அந்த 22.4 பனி உறையும் சுழியச் செல்சியசுக்கு உரியது. 1960இல் ஆந்திரத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்த திருத்தணியை எண்ணிப் பாருங்கள். முருகன் சினம் தணிந்த தலம் அது என்பது தலவரலாறு. சித்திரை வெயிலோ அங்கே தணிவதில்லை! கோடைதோறும் வானிலைச் செய்தியில் அவ்வூர்ப் பெயர் ஒலிப்பதை நாமறிவோம். வெப்பம் 27 பாகை, அதாவது 300 கெல்வின் எனில், ஒரு மோலுக்கு 24.6 லிட்டர், உருளை முழுவதும் ஏறத்தாழ 6,000 லிட்டராகும். 42 பாகை நண்பகலில் அதுவே 6,300 லிட்டரைத் தாண்டும்.

இனி இக்கணக்கைத் தலைகீழாக்குவோம். மூன்று மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள அடுக்களையின் கொள்ளளவு 22,500 லிட்டர். காற்றில் எரிவாயு ஏறத்தாழ 1.8 விழுக்காட்டை எட்டினாலே ஒரு பொறியில் தீப்பற்றும். இங்கே அது 405 லிட்டர். 24.6ஆல் வகுத்து 58ஆல் பெருக்கினால் 955 கிராம். 42 பாகை வெயிலில் 908 கிராமே போதும். உருளையின் பதினைந்தில் ஒரு பங்குகூட அன்று!

அதுவும் வாயு அறையெங்கும் சீராகப் பரவினால்தான். காற்றின் சராசரி மூலக்கூறு நிறை 29; பியூட்டேன் அதனினும் இருமடங்கு கனமானது. ஆகவே அது தரையை ஒட்டித் தேங்கும். அறையின் கீழ்க் கால்பங்கில் மட்டும் தேங்கினால் 240 கிராமளவே அபாய எல்லையைத் தொடும். மேலே உள்ள சன்னல் மட்டும் திறந்திருந்தால் அது எளிதில் வெளியேறாது. தரைமட்டத்தில் துளை வேண்டும், கதவும் திறக்கப்பட வேண்டும். இயல்பில் மணமற்ற இவ்வாயுவில் எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளைச் சேர்ப்பது கசிவு நமக்குப் புலப்படவே. அந்நாற்றம் எழும்போது மின்விசிறியின் விசையைத் தட்டுவது பலர் வழக்கம். விசையில் எழும் சிறு பொறியே தீமூட்டப் போதுமானது. ஆதலின் எவ்விசையையும் தொடாமல், உருளையின் சீராக்கியை மூடிக் கதவுகளைத் திறந்து வெளியேறுதலே முறை.