உடலைத் தாக்கும் படைக்கு ஒரு கடிவாளம்

கிருமிகளை அழிக்க வேண்டிய நிர்ப்பீடனக் கலங்கள் சிலவேளைகளில் எமது உடலையே தாக்கத் தொடங்கிவிடுகின்றன. சிறுவர்களுக்கு வரும் முதலாம் வகை நீரிழிவு, லூபஸ் போன்ற நோய்கள் இப்படித்தான் உண்டாகின்றன. ஆனால் பெரும்பாலானோருக்கு இது நேர்வதில்லை. ஏன்?

இக்கேள்விக்கு விடை தேடித் தந்தவர்களுக்கே 2025 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி, தாக்கும் கலங்களை அடக்கிவைக்கும் தனி வகை டி கலங்கள் உள்ளன என 1995 இல் காட்டினார். இவையே ஒழுங்குபடுத்தும் டி கலங்கள்.

விடையின் மறுபாதி, அணுகுண்டுத் திட்டத்தோடு தொடர்புடைய ஓர் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. 1940களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், கதிர்வீச்சின் பாதிப்பை ஆராய வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில் சில ஆண் குட்டிகள் தோல் செதிலுரிந்து, மண்ணீரல் வீங்கி, சில வாரங்களில் இறந்தன. பல தசாப்தங்களின் பின் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் அதன் காரணத்தைத் தேடினர். எக்ஸ் நிறமூர்த்தத்தில் சந்தேகத்துக்குரிய 20 மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, இருபதாவதில் பிழை தென்பட்டது. அதற்கு ஃபொக்ஸ்பி3 எனப் பெயரிட்டனர். ஆண் குழந்தைகளைத் தாக்கும் ஐபெக்ஸ் என்ற அரிய நோய்க்கும் அதே மரபணுவின் பழுதே காரணம் என்பது 2001 இல் வெளியானது.

இந்த மரபணு என்ன செய்கிறது? எமது கலங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே டி.என்.ஏ.தான் உள்ளது. எந்த மரபணு இயங்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்பதே கலத்துக்குக் கலம் மாறுகிறது. டி.என்.ஏ.யில் குறித்த இடங்களில் ஒட்டிக்கொண்டு இதைத் தீர்மானிக்கும் புரதங்கள் படியெடுத்தற் காரணிகள் எனப்படும். ஃபொக்ஸ்பி3 அவற்றில் ஒன்று.

அது வேறு புரதங்களுடன் கூட்டுச் சேர்ந்து, டி கலங்களைப் பெருகச் செய்யும் இன்டர்லூக்கின் 2 இன் மரபணுவை அடக்குகிறது. அதே பொருளைப் பற்றிப்பிடிக்கும் வாங்கியின் மரபணுவைத் தூண்டுகிறது. எனவே ஒழுங்குபடுத்தும் கலம் அப்பொருளைத் தான் சுரக்காமல், சூழவுள்ளதை உறிஞ்சிவிடுகிறது. தாக்கும் கலங்களுக்கு உரம் குறைகிறது. ஃபொக்ஸ்பி3 பழுதானால் இந்தக் கடிவாளம் அறுந்துவிடும்.

இக்கலங்களைப் பெருக்கித் தன்னுடல் தாக்கு நோய்களைத் தணிக்கவும், மாற்றிய உறுப்புகளைக் காக்கவும் சோதனைகள் நடக்கின்றன. புற்றுநோயிலோ நிலைமை நேர்மாறு: கட்டிகள் இக்கலங்களையே கேடயமாக்குவதால், அங்கு இவற்றை அகற்ற முயல்கின்றனர்.

இவை பெரும்பாலும் இன்னும் சோதனைக் கட்டத்திலேயே உள்ளன. ஆனால் ஒன்றை இன்றே விளங்கிக்கொள்ளலாம். தன்னுடல் தாக்கு நோய் வெறுமனே எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வருவதல்ல. அதை அடக்கும் கட்டுப்பாடு தளர்ந்ததால் வருவது. 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என விற்கப்படும் பொடிகளை நம்பி, இன்சுலினையோ வைத்தியர் தந்த மருந்தையோ நிறுத்துவது உயிராபத்து.