நார்வே நாடாளுமன்றத்தில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்மணி

“நாம் பிழைக்க வந்தவர்கள், நமக்கு எதற்கு அரசியல்?” ஸ்ரீராம்புரத்துத் தெருக்களில் நாம் பலகாலும் கேட்கும் சொல் இது. பின்னி ஆலை, மினர்வா ஆலை முதலியவற்றில் வேலை தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பேரரும் கொள்ளுப்பேரரும் இன்று இங்கு வாழ்கின்றனர். ஆலைச் சங்குகள் ஓய்ந்து ஆண்டுகள் பல ஆயின. அந்தச் சொல் மட்டும் இன்னும் ஓயவில்லை. அதனைச் சொல்வோரும் கேட்போரும் எண்ணிப் பார்க்கத்தக்க வாழ்க்கை ஒன்று உண்டு. ஹம்சாயினி குணரத்தினம் என்னும் அம்மையாரின் வாழ்க்கையே அது.

நார்வே நாட்டுக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு பழையதன்று. 1956ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அந்தோனி இராசேந்திரம் என்பவர் அந்நாட்டை அடைந்தார். அங்கு மீன்பிடித் தொழிலைக் கற்று, பின்னர் யாழ்ப்பாணத்தில் சீநோர் என்னும் மீன்பிடித் தொழில் நிறுவனம் உருவாக முன்னின்றவர் அவர். அவர் காட்டிய வழியில் இளைஞர் சிலர் படிக்கச் சென்றனர். 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பின் உயிருக்கு அஞ்சிச் சென்றோர் பலராயினர். நார்வேயின் வடகோடிக் கடற்கரை ஊர்களில், கதிரவனே தோன்றாத குளிர்காலத்தில், மீன் பதனிடும் ஆலைகளில் அவர்கள் உழைத்தனர்.

ஹம்சாயினி 1988ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். மூன்று வயதில் பெற்றோருடன் நார்வே சென்றார். குடும்பம் முதலில் வடக்கே ஹம்மர்ஃபெஸ்ட் என்னும் ஊரில் தங்கியது. பிறகு தலைநகரான ஆஸ்லோவுக்குக் குடிபெயர்ந்தது. இளமையிலேயே அவர் தொழிற்கட்சியின் இளைஞர் அணியில் சேர்ந்தார். 2007ஆம் ஆண்டில், பத்தொன்பதாம் வயதில், ஆஸ்லோ மாநகரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

குடிவந்த வீட்டுப் பெண் ஒருவர் பத்தொன்பது வயதில் தலைநகரின் அவையில் அமர்ந்தது எவ்வாறு என்று வாசகர்கள் வினவலாம். அந்நாட்டுச் சட்டம் அதற்கு இடமளித்திருந்தது. நார்வேயில் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். உள்ளாட்சித் தேர்தலுக்கோ அது வேண்டுவதில்லை. தொடர்ந்து மூன்றாண்டு அங்கு வாழ்ந்த வெளிநாட்டவரும் வாக்களிக்கலாம், போட்டியிடலாம். மேலும், உள்ளாட்சித் தேர்தலில் வாக்காளர் ஒரு கட்சியின் பட்டியலைத் தெரிந்தெடுப்பதோடு, அதில் தாம் விரும்பும் வேட்பாளர் பெயருக்கு எதிரே குறியிட்டு அவரை மேலே உயர்த்தவும் செய்யலாம். பட்டியலின் அடியில் உள்ளவரும் மக்கள் விரும்பினால் அவைக்குள் வரமுடியும். இந்த வாயிலை அங்குக் குடியேறிய மக்கள் நன்கு பயன்படுத்தி வந்துள்ளனர்.

அவர் அரசியலில் நிலைப்பாரா என்பதைச் சோதித்த நாள் 2011ஆம் ஆண்டு ஜூலை 22. அன்று ஊட்டோயா என்னும் சிறு தீவில் இளைஞர் அணியின் கோடைக்கால முகாம் நடந்துகொண்டிருந்தது. ஆஸ்லோவில் குண்டு வைத்து எட்டுப் பேரைக் கொன்ற கொடியவன் ஒருவன், காவலர் உடையில் அத்தீவுக்கு வந்து, அறுபத்தொன்பது பேரைச் சுட்டு வீழ்த்தினான். குடிவந்தோரை வரவேற்கும் கட்சி என்பதே அக்கட்சியின் மீது அவன் கண்ட குற்றம். முகாமில் இருந்த ஹம்சாயினி ஏரியின் குளிர்நீரில் குதித்து நீந்தி உயிர் தப்பினார். அவருடைய தோழர்கள் பலர் தப்பவில்லை.

“இனி நமக்கு இது வேண்டாம்” என்று அன்று அவர் ஒதுங்கியிருந்தால் குறை சொல்வார் யார்? அவர் ஒதுங்கவில்லை. மாநகர அரசியலில் தொடர்ந்து பணியாற்றினார். 2015ஆம் ஆண்டு அக்டோபரில் ஆஸ்லோவின் துணை மேயர் ஆனார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்த பொதுத் தேர்தலில், 169 உறுப்பினர் கொண்ட நார்வே நாடாளுமன்றத்துக்கு ஆஸ்லோ தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். அம்மன்றத்துக்குத் தேர்வான முதல் தமிழர் அவரே. பத்தொன்பது வயதில் நகரவையில் தொடங்கிய பணி, பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அவரை நாடாளுமன்றத்தில் சேர்த்தது.

இது தனியொருவரின் நற்பேறு என்று கருதவேண்டா. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐந்து வயதில் கனடா சென்ற ராதிகா சிற்சபைஈசன் அம்மையார், 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் தமிழர் ஆனார். 2015ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றதும் உண்மையே. தோல்வியும் அரசியலின் ஒரு பகுதிதான்.

இனி நம் நிலையை நோக்குவோம். 1991ஆம் ஆண்டு டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரில் எழுந்த கலவரத்தை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. அதனையும் ஊட்டோயாவையும் ஒருதட்டில் வைத்தல் தகாது. ஆயினும் அச்சம் மனிதரை வாய்மூட வைக்கும் விதம் எங்கும் ஒன்றே. வாய்மூடி இருந்தால் வம்பில்லை என்று நம்மவர் பலர் அன்று முடிவு செய்தனர். அம்முடிவைப் பிள்ளைகளுக்கும் சொத்தாக வைத்துவிட்டனர்.

இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் பணி பார்க்கும் நமக்கு, தமிழ்நாட்டுத் தேர்தல் வந்தால் ஜோலார்ப்பேட்டைப் பக்கம் செல்லும் வண்டிகளில் எத்தகைய நெரிசல் என்பது தெரியும். குழந்தை குட்டிகளோடு வாக்களிக்கச் செல்லும் குடும்பங்கள் எத்தனை! பிறந்த ஊரின்மேல் உள்ள பற்றை நாம் பழிக்கவில்லை. அங்கே நிலம் உண்டு, குலதெய்வம் உண்டு, உறவு உண்டு. ஆனால் குழாயில் தண்ணீர் வராததும், சாக்கடை அடைத்துக்கொள்வதும், பிள்ளைகள் படிப்பதும் இங்கேயன்றோ? வாக்கு ஓர் ஊரிலும் வாழ்வு மற்றோர் ஊரிலும் இருப்பின், நம் குறையைக் கேட்கும் கடமை எவருக்கும் இல்லாது போகின்றது.

நார்வேயில் குடிவந்தோர் மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். நமக்கு அத்தகைய காத்திருப்பு இல்லை. இந்தியக் குடிமக்கள் தாம் வழக்கமாக வாழும் இடத்தின் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம். ஊர்ப் பட்டியலில் உள்ள பெயரை இங்கு மாற்ற எட்டாம் எண் படிவம் தந்தால் போதும். இரண்டு இடத்தில் பெயர் வைத்திருத்தல் சட்டத்துக்கு மாறானது. உள்ளாட்சி மன்றங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு உரியவை என்பதையும் நம் சகோதரிகள் நினைவில் கொள்ளல் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஹம்சாயினி அம்மையார் ஆஸ்லோ மக்களிடம் அவர்கள் மொழியில் பேசித்தான் வாக்குக் கேட்டார். நம் வீட்டுப் பெண்களும் தமிழை விடாது காத்து, கன்னடத்தைப் பேசவும் எழுதவும் தெளிவாகக் கற்றல் வேண்டும். அண்டை வீட்டாரின் மொழியை அறியாதவர் அண்டை வீட்டாருக்காகவும் பேச இயலாது.

தாய்மார்களே! உங்கள் வீட்டில் பதினெட்டு வயது நிறைந்த மகள் இருப்பின், அவள் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் உள்ளது என்று இந்த வாரமே கேட்டறியுங்கள். எங்கும் இல்லையெனில் ஸ்ரீராம்புரத்தில் சேர்த்துவிடுங்கள்.