முப்பாய்ச்சலும் படைவீரரும்

கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்திலோ, அவ்வூர்ப் பாடசாலையொன்றின் இல்ல விளையாட்டுப் போட்டியிலோ இக்காட்சியை நீங்கள் கண்டிருத்தல் கூடும். அஞ்சலோட்டம் தொடங்கியதும் கூட்டமெல்லாம் எழுந்து ஆரவாரிக்கும். அதே வேளையில், மைதானத்தின் ஒரு மூலையில், மணற்குழியருகே, அளவு நாடாவைப் பிடித்த மாணவர் இருவரும் ஓர் ஆசிரியருமே சாட்சியாக நிற்க, ஓர் இளைஞன் ஓடிவந்து பாய்கின்றான். அங்கே நிகழ்வது முப்பாய்ச்சல். அதனை நின்று பார்ப்போர் சிலரே.

சிறுமியர் முற்றத்திற் கோடு கீறிக் கெந்தி விளையாடுவதில்லையா? அக்கெந்தலே இதன் முதற்படி. ஓடிவருபவன் பலகையை ஒரு காலால் உதைத்தெழுந்து அதே காலிலே விழுதல் வேண்டும். அங்கிருந்து எழுந்து மறுகாலில் விழுதல் இரண்டாம் படி. அக்காலால் உந்திப் பாய்ந்து மணலில் விழுதல் மூன்றாவது. அனைத்துலகப் போட்டிகளில் ஆடவர்க்குப் பலகைக்கும் குழிக்கும் இடைத்தூரம் 13 மீற்றர். எனவே முதலிரு வீழ்ச்சிகளும் கெட்டியான தரையிலேயே நிகழ்கின்றன. உடலின் நிறையைப்போற் பத்து மடங்குக்கு மேற்பட்ட விசையை அப்போது ஒரு காலே தாங்குகின்றது. கடற்கரை மணலில் ஓடிப் பழகிய நம்மூர்ப் பிள்ளைகள் இங்கே ஏமாறுவதுண்டு. மணல் காலை விழுங்குமேயன்றித் திருப்பி உந்தாது.

முதற் கெந்தலில் மிக உயர எழுபவன் இரண்டாம் படியில் நொடிந்துபோவான். 1995ஆம் ஆண்டு ஆகத்து 7ஆம் நாள், சுவீடனில், இங்கிலாந்தின் யோனதன் எட்வேட்சு 18.29 மீற்றர் பாய்ந்தார். அவ்வுலக சாதனை இன்னும் நிற்கின்றது. அவருடைய மூன்று படிகளும் முறையே 6.05, 5.22, 7.02 மீற்றர். நடுப்படி குறுகியதேயெனினும், ஐந்து மீற்றருக்குக் குறையாமல் அதனைக் காத்தமையாலன்றோ கடைசிப் பாய்ச்சல் ஏழைக் கடந்தது!

பாய்வதற்கு முன்னரே தோற்பதும் உண்டு. 1948இல் இலண்டன் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியர் என்றி ரெபெல்லோவுக்கு வயது 19. வெல்லக்கூடியவர் என எதிர்பார்க்கப்பட்டவர். இறுதிப் போட்டியில் அவர் முறை வந்தபோது, பதக்கம் வழங்கும் வைபவமொன்றிற்காக நிறுத்தி வைக்கப்பட்டார். குளிரிலே உடல் ஆறிற்று. பின்னர் அழைத்தவுடன், மீண்டும் உடலைச் சூடேற்றிக்கொள்ளாமல் ஓடினார்; தொடையின் பின்தசை கிழிந்தது. வென்ற சுவீடன் வீரர் பாய்ந்தது 15.40 மீற்றர். ரெபெல்லோ பின்னாளில் இந்திய வான்படை அதிகாரியானார்.

அதே 1948இலேதான், பெப்ரவரி மாதத்தில், பிரான்சின் நீசு நகரில் ஐரோப்பிய நாடுகள் ஐந்து கூடி அனைத்துலகப் படைத்துறை விளையாட்டு மன்றத்தை நிறுவின. போர் முடிந்து மூன்றாண்டுகூட நிறையவில்லை. துப்பாக்கி ஏந்தியவர்களை ஓடுபாதையிற் சந்திக்கச் செய்வதே நோக்கம். அம்மன்றத்தின் உலக விளையாட்டு விழா 1995இல் உரோமில் தொடங்கிற்று. 2007இல் நமக்கு அயலிலுள்ள ஐதராபாத்துக்கும் வந்தது. மணற்குழியருகே தோளிலுள்ள பட்டிக்கு மதிப்பில்லை. பலகைக் கோட்டைக் கால்விரல் கடந்ததா என்பதொன்றே வினா.

படைகள் பாய்ச்சல் வீரரைப் பேணுவதன் பயனை 2022 ஆகத்து 7ஆம் நாள் பேர்மிங்காமிற் கண்டோம். பொதுநலவாயப் போட்டியில் இந்தியக் கடற்படையைச் சேர்ந்த எல்தோசு போல் 17.03 மீற்றர் பாய்ந்து தங்கமும், வான்படையைச் சேர்ந்த அப்துல்லா அபூபக்கர் 17.02 பாய்ந்து வெள்ளியும் பெற்றனர். இருவரும் கேரளத்தவர். இடைவெளி ஒரு விரலகலமும் இல்லை. தமிழ்நாட்டுப் பிரவீன் சித்திரவேல் 16.89 பாய்ந்து, மூன்று சதமமீற்றராற் பதக்கத்தை இழந்தார். ஒன்பது மாதத்தின் பின் அவனா நகரில் அவரே 17.37 பாய்ந்து இந்திய சாதனையை நிலைநாட்டினார்.

படை தருவது யாது? மாதச் சம்பளம், உணவு, பயிற்சியாளர், காயம்பட்டால் மருத்துவர். முப்பாய்ச்சற்காரனின் கால்கள் முதிர்வதற்கு ஆண்டுகள் பல வேண்டும். பாடசாலையை விட்டதும் தொழில் தேடி அலைபவனுக்கு அவ்வாண்டுகள் கிடைப்பதில்லை. கரைவலை இழுக்கவும் கடையில் நிற்கவும் போய்விட்ட நல்ல பாய்ச்சற்காரரை எம்மூர்களில் நான் கண்டிருக்கிறேன். படையிற் சேராதவனுக்கு அந்த ஐந்தாறு ஆண்டுகளை யார் கொடுப்பார்? ஊர்க் கழகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இக்கேள்வியை ஒருமுறை தம் கூட்டத்தில் எடுத்துப் பார்க்கலாம். அடுத்த போட்டி நாளன்று, அஞ்சலோட்டம் தொடங்குமுன், அந்த மூலைக்கும் சற்று நடந்து வாருங்கள்.